மன்னிக்கப்படாத மேயர்

அன்புள்ள ஐயா,

கிறிஸ்துமஸையே வெறுக்கும் கார்ட்டூன் வில்லன் க்ரிஞ்ச் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அந்தக் காலத்துக் கிறிஸ்துமஸ் படங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ஏழு வயது மகளோடு ‘சாண்டா கிளாஸ் இஸ் கமிங் டு டவுன்’ பார்த்தேன். பொம்மைகளைத் தடைசெய்யும் அந்த மேயர், பர்கர்மெய்ஸ்டர் மெய்ஸ்டர்பர்கர், கடைசிவரை திருந்தவே இல்லை. க்ரிஞ்ச் திருந்துகிறான், டிக்கன்ஸ் கதையில் வரும் கஞ்சன் ஸ்க்ரூஜ் திருந்துகிறார், இதே படத்தில் வரும் பனி மந்திரவாதிகூடத் திருந்திவிடுகிறார். இவரை மட்டும் ஏன் அப்படியே விட்டார்கள்? கதை எழுதியவருக்குச் சோம்பலா? “அந்தக் குண்டு மாமா அப்புறம் நல்லவரா ஆனாரா?” என்று மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எங்கள் அபார்ட்மென்டில் புகைபோக்கி இல்லையே, சாண்டா எப்படி வருவார் என்பது அவளுடைய இன்னொரு கவலை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சோம்பல் இல்லை. கிறிஸ்துமஸ் படங்களில் எனக்கு ஆகப் பிடித்த வில்லன் இவர்தான். திருந்தாததால்தான் பிடிக்கும்.

படத்தின் அமைப்பை முதலில் கவனியுங்கள். 1970 டிசம்பரில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் வந்தது. ராங்கின்–பாஸ் நிறுவனத்தின் தயாரிப்பு, கதை வசனம் ரோமியோ முல்லர். பொம்மைகளைத் துளித்துளியாக நகர்த்திப் படமெடுக்கும் வேலை நடந்தது ஜப்பானில். கதையைச் சொல்கிறவர் ஒரு தபால்காரர், ஹாலிவுட் நடன நடிகர் பிரெட் அஸ்டேரின் குரல். பிள்ளைகள் சாண்டாவுக்கு எழுதிய கடிதங்கள் அவர் வண்டியில் இருக்கின்றன. ஏன் புகைபோக்கி வழியாக வருகிறீர்கள், ஏன் காலுறைக்குள் பரிசு வைக்கிறீர்கள் என்று கேள்விகள். அதற்குப் பதிலாகத்தான் மொத்தக் கதையும் விரிகிறது. ஆக, அதுவே ஒரு வாசகர் கடிதமும் பதிலும்தான்!

அந்தக் கேள்விகளில் பாதிக்கு விடை மேயர்தான். மாடிப்படியில் கிடந்த பொம்மை வாத்தின் மேல் கால் வைத்து உருண்டு விழுகிறார். உடனே ஊரில் பொம்மையே கூடாது, வைத்திருப்பவனுக்குச் சிறை என்று சட்டம். (ஒரு நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்து, பேரனின் பிளாஸ்டிக் ரயிலை மிதித்த அனுபவம் எனக்கு உண்டு. அந்த ஐந்து நிமிடம் என்னிடம் அதிகாரம் இருந்திருந்தால் நானும் இதே சட்டத்தைப் போட்டிருப்பேன்.) பின்னாளில் சாண்டா ஆகப்போகும் இளைஞன் கிரிஸ் பகலில் பொம்மை கொண்டுவந்தால் கைது செய்வார்கள், அதனால் இரவில் வருகிறான். எல்லோரும் கதவைப் பூட்டியாக வேண்டும் என்று உத்தரவு வருகிறது, அதனால் புகைபோக்கி. வீடு வீடாகச் சோதனை நடக்கிறது, அதனால் அடுப்பருகே காயப்போட்ட காலுறைக்குள் பொம்மையை ஒளிக்கிறான். தேடப்படும் ஆள் ஆகிவிட்டதால் தாடி வளர்க்கிறான், பெயரை மாற்றிக்கொள்கிறான். சிறையிலிருந்து தப்பத்தான் கலைமான்கள் முதன்முதலாகப் பறக்கின்றன. கடைசியில் எந்த மேயரின் கைக்கும் எட்டாத வடதுருவத்துக்குக் குடிபோகிறான்.

இரணியன் கேட்ட வரத்தை நினைத்துப் பாருங்கள். மனிதனாலும் மிருகத்தாலும் கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, உள்ளேயும் வெளியேயும் கூடாது என்று அவன் அடுக்கிய நிபந்தனைகளில்தான் நரசிங்கத்தின் உருவமே தயாராகிறது. சிங்கத் தலை, அந்தி வேளை, வாசற்படி எல்லாம் அவன் வரைந்து கொடுத்தவை. அதுபோல, நாம் இன்று பார்க்கும் சாண்டாவை, தெரியாமலே, மேயர் தன் உத்தரவுகளால் செய்து தந்துவிடுகிறார். இவரை நடுவில் திருத்திவிட்டால் கதவு திறந்துவிடும், பண்டிகைக்கு வடிவமே இருக்காது.

இது கதைத் தேவை. இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது.

திருந்தும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவே இல்லை என்று நினைக்காதீர்கள். கிரிஸ் அவருக்கு ஒரு யோ-யோ தருகிறான். எனக்கு இந்தப் படத்தின் உச்சம் அதுதான். மேயர் வாங்குகிறார், ஒருமுறை விட்டுப் பார்க்கிறார், அது திரும்பி மேலே வருகிறது, முகம் மலர்ந்துவிடுகிறது. ஊரையே அழவைத்த மனிதர் குழந்தையாகிவிடுகிறார். அப்போது பக்கத்தில் நிற்கும் உதவியாளன் கிரிம்ஸ்லி ஒரு விஷயத்தை நினைவூட்டுகிறான்: ஐயா, உங்கள் சட்டத்தை நீங்களே மீறிக்கொண்டிருக்கிறீர்கள். அவ்வளவுதான். கையில் யோ-யோ இருக்கும்போதே முகம் மறுபடி இறுகிவிடுகிறது, கைது செய் என்று கத்துகிறார்.

பனி மந்திரவாதிக்கு ஒரு பொம்மை ரயில் கிடைக்கிறது. அவருடைய பனி மனசு அதிலேயே உருகிவிடுகிறது. இருவருக்கும் பொம்மைதான் கிடைத்தது, இருவரும் சந்தோஷப்பட்டார்கள். மந்திரவாதி தனி ஆள், தன் மனசுக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். மேயருக்கோ ஒரு பதவி இருக்கிறது, சுவரில் ஒட்டிய உத்தரவு இருக்கிறது, பக்கத்தில் ஒரு கிரிம்ஸ்லி இருக்கிறான். மனசு மாறினாலும் அவரால் மாற முடியவில்லை. க்ரிஞ்சிடம் இருந்தது வெறும் கடுப்பு. 1966 படத்தில் அவன் இதயம் மூன்று அளவு பெருத்ததும் அந்தக் கடுப்பு போய்விட்டது. போட்ட உத்தரவு அப்படித் தானாகக் கரைந்துவிடாது.

அவருடைய பெயரைப் பாருங்கள். பர்கர்மெய்ஸ்டர் என்றால் ஜெர்மன் மொழியில் நகர மேயர். அதையே திருப்பிப் போட்டால் மெய்ஸ்டர்பர்கர். பதவியைக் கழற்றினால் மிஞ்சுவது அதே பதவிதான், மனிதனுக்கென்று சொந்தப் பெயர் கிடையாது. குரல் கொடுத்த பால் ஃப்ரீஸ் அந்த ஜெர்மன் உச்சரிப்பை வேண்டுமென்றே தூக்கலாக வைத்திருக்கிறார். கிரிம்ஸ்லிக்குக் குரலும் அவரே என்பதை யாராவது சொன்னால்தான் தெரியும். பறிமுதல் செய்த பொம்மைகளை ஊர் நடுவில் குவித்து எரிக்கும் காட்சி இருக்கிறதே, அதைச் சிரித்துக்கொண்டே பார்க்க என்னால் முடிவதில்லை. 1933 மே மாதம் பெர்லினில் நாஜிகள் புத்தகங்களைக் குவித்து எரித்த படங்களைப் பார்த்தவர்கள் 1970இல் பெற்றோராகத் தங்கள் பிள்ளைகளோடு இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். அதைக் கொளுத்தியவருக்குக் கடைசிக் காட்சியில் ஒரு சாண்டா தொப்பியை மாட்டிச் சிரிக்க வைத்திருந்தால் எனக்கு நிச்சயம் கசந்திருக்கும்.

முல்லர் அவரைத் தண்டிக்கவும் இல்லை. காலப்போக்கில் அந்த மேயர் பரம்பரை அதிகாரத்திலிருந்து போய்விட்டது, இந்தச் சட்டமெல்லாம் எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று ஊருக்குப் புரிந்துவிட்டது என்று தபால்காரர் ஓரிரு வரியில் முடித்துவிடுகிறார். அவ்வளவு பெரிய வில்லனுக்குச் சண்டையும் கிடையாது, மன்னிப்பும் கிடையாது. உங்களுக்குக் குறையாகத் தெரிந்தது இதுதான் என்று நினைக்கிறேன். எனக்கு இது படத்தின் மிக நேர்மையான இடம்.

சரி, மகளுக்கு. குண்டு மாமா நல்லவராக ஆகவில்லை, ஆனால் யோ-யோ விளையாடிய அந்த ஒரு நிமிடம் நல்லவராக இருந்தார் என்று சொல்லுங்கள். புகைபோக்கியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். கதவைப் பூட்டச் சொன்னது அந்த மேயர்தான். உங்கள் வீட்டில் அவர் சட்டம் செல்லாது, சாண்டா காலிங் பெல் அடித்தே வரலாம்.