படகு இழுக்கும் பிக்கப்: ஆக்சில் கேள்விகள்

கோடை நெருங்குகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் படகு சமாச்சாரம்தான். கீழே வரும் 3.55, 4.10 எல்லாம் ஆக்சில் ரேஷியோ: சக்கரம் ஒரு சுற்று சுற்ற, எஞ்சின் பக்கத்துத் தண்டு எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற எண். எண் பெரிதானால் இழுவை கூடும்.

கே: ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வாங்கப் போகிறோம். 3.31, 3.55, 3.73 மூன்றில் எது நல்லது? படகு 18 அடி. ட்ரெய்லரோடு எடை போட்டதில் 3,600 பவுண்டு. (ஆஸ்டின்)

ப: 3.55. எடை போட்டுவிட்டுக் கேட்டதற்கு முதலில் நன்றி. இந்தக் கனத்துக்கு 3.31 கூடத் திணறாது. ஆனால் இரண்டு கோடை போனால் பெரிய படகு மேல் ஆசை வரும், அதற்குத்தான் 3.55. 3.73-க்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.

கே: 4.10 ஆக்சில் இல்லாமல் படகையே தொடக்கூடாது என்கிறார் என் மாமா. 90-களிலிருந்து படகு வைத்திருப்பவர். (ஹூஸ்டன்)

ப: அவர் ஓட்டிய வண்டிக்கு அது சரியான பேச்சு. அன்றைய ஜிஎம் பிக்கப்பில் இருந்த 4 கியர் பெட்டியின் முதல் கியர் ரேஷியோ 3.06. அதை 4.10-ஆல் பெருக்கினால் 12.5. இன்றைய ஃபோர்டு 10 கியர் பெட்டியில் முதல் கியரே 4.7. சாதாரண 3.55 ஆக்சிலோடு பெருக்கினாலும் 16.5-க்கு மேல் போகிறது. ஏரிக்கரையின் ஈரச் சரிவில் படகை மேலே இழுக்கும்போது சக்கரத்துக்கு வந்து சேர்வது இந்தப் பெருக்குத்தொகைதான். மாமாவின் பழைய வண்டிக்கு 4.10 இருக்கட்டும். உங்கள் புது வண்டிக்குத் தேவையில்லை.

கே: என்னிடம் ஜிஎம்மின் சில்வராடோ பிக்கப் இருக்கிறது. படகு கொஞ்சம் பெரியது. இழுக்குமா?

ப: எந்த வருடம்? எந்த எஞ்சின்? எந்த ஆக்சில்? "கொஞ்சம் பெரியது" என்றால் எத்தனை பவுண்டு? இவ்வளவும் தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. பழைய வண்டி என்றால் க்ளவ் பாக்ஸைத் திறந்து ஸ்டிக்கரைப் பாருங்கள். ஜியூ4 என்றால் 3.08, ஜியூ5 என்றால் 3.23, ஜியூ6 என்றால் 3.42, ஜிடி4 என்றால் 3.73. ஜி80 என்று இருந்தால் அது லாக்கர், அதாவது ஒரு பின் சக்கரம் வழுக்கினால் இரண்டையும் சேர்த்துச் சுழல வைக்கும் பூட்டு. அதற்கும் ரேஷியோவுக்கும் சம்பந்தமில்லை. பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கே: பிரசுரத்தில் படகின் எடை 4,800 பவுண்டு என்று போட்டிருக்கிறது. என் டிரக்கில் 3.21 ஆக்சில், இழுக்கும் வரம்பு 6,500 சொச்சம். 1,700 பவுண்டு மிச்சம் இருப்பதால் கவலை வேண்டாம் என்று விற்பனையாளர் சொல்கிறார். சரிதானே, அண்ணா? (அட்லாண்டா)

ப: சரியில்லை, தம்பி. இதை எத்தனையோ முறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். பிரசுரத்தில் இருப்பது காலிப் படகின் எடை. அதில் பெட்ரோல் இல்லை, ட்ரெய்லர் இல்லை. வெளியே மாட்டும் மோட்டார் என்றால் பல நேரம் அந்த மோட்டாரே இருக்காது. நீங்களே கூட்டிப் பாருங்கள். பெட்ரோல் ஒரு காலன் 6 பவுண்டு, 60 காலன் டாங்க் நிரம்பினால் 360. இரட்டை ஆக்சில் ட்ரெய்லர் 1,300 போல வரும். பேட்டரி, நங்கூரம், கயிறு, லைஃப் ஜாக்கெட், ஐஸ் பெட்டி, பிள்ளைகளின் வேக்போர்டு என்று ஒரு 400. மொத்தம் 6,900-ஐ நெருங்கிவிட்டது. மிச்சம் என்று சொன்ன 1,700 காணாமல் போய், வரம்பையும் தாண்டியாயிற்று.

2011-இல் என் முதல் படகை வாங்கியபோது காகிதத்தில் 3,200 என்று இருந்தது. விற்றவரும் அதையேதான் சொன்னார். நானும் நம்பினேன். மேட்டில் டிரக் மூச்சு வாங்கியபோது எஞ்சினில்தான் கோளாறு என்று ஒரு மாதம் அதையே குடைந்துகொண்டிருந்தேன். கடைசியில் எடை போட்டால் ட்ரெய்லரோடு 5,100! அதற்குள் டிரான்ஸ்மிஷன் ஆயில் கறுத்துக் கருகல் வாடை அடித்தது. அந்தச் செலவு இன்னும் வயிற்றெரிச்சல்.

எடை போடுவது பெரிய வேலை இல்லை. நெடுஞ்சாலை ஓர லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடை மேடை இருக்கும். டிரக்கின் முன் சக்கரம் ஒரு பலகை, பின் சக்கரம் அடுத்த பலகை, ட்ரெய்லர் மூன்றாவது பலகை. 20 டாலருக்குள் சீட்டு கையில் வரும். ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு டிரக்கை மட்டும் இன்னொரு முறை ஏற்றி இறக்கினால், ட்ரெய்லரை மாட்டும் கொக்கியான ஹிட்ச் மேல் எவ்வளவு எடை உட்காருகிறது என்பதும் தெரிந்துவிடும். ட்ரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வையுங்கள், உங்களுக்கு 700. டிரைவர் கதவோரம் மஞ்சள் பட்டை போட்ட ஸ்டிக்கரில் ஆட்களும் சாமானும் சேர்த்து இவ்வளவுதான் என்று ஓர் எண் இருக்கும். இந்த 700-ம் அதற்குள்தான் அடங்க வேண்டும். குடும்பத்தோடு ஏறினால் பல டிரக்குகளில் இழுக்கும் வரம்புக்கு முன்பே இந்த வரம்பு முடிந்துவிடும்.

விளம்பரத்தில் வரும் பெரிய எண்ணையும் நம்ப வேண்டாம். அது ஒரு குறிப்பிட்ட எஞ்சின், ஒரு குறிப்பிட்ட கேபின், ஒரு குறிப்பிட்ட ஆக்சில் சேர்ந்த வண்டிக்கு. ஆக்சில் மட்டும் மாறினாலே ஆயிரம், இரண்டாயிரம் பவுண்டு குறையும். முதலில் எடை, அப்புறம் ஸ்டிக்கர், கடைசியில்தான் ரேஷியோ.

கே: 3.55 ஆக்சில், 32 அங்குல டயர். 35 அங்குலம் மாட்டினேன். படகோடு போனால் இழுவையே இல்லை.

ப: டயர் வளர்ந்ததும் உங்கள் 3.55 கிட்டத்தட்ட 3.25 ஆகிவிட்டது. பழைய இழுவை வேண்டுமென்றால் 3.9 பக்கம் போக வேண்டும். பழைய டயரை மாட்டுவது இன்னும் மலிவு.

கே: 4x4 வண்டி, நான்கு சக்கரமும் இழுக்கும். செலவைக் குறைக்கப் பின் ஆக்சிலுக்கு மட்டும் 4.10 போடலாமா?

ப: கூடவே கூடாது. 4x4 போட்ட நிமிடம் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி ஏதாவது ஒன்று உடையும். இரண்டையும் மாற்றுங்கள், இல்லை விட்டுவிடுங்கள். மாற்றினால் முதல் 500 மைல் எதையும் இழுக்காதீர்கள். முதல் நாள் 20 நிமிடம் ஓட்டி, நன்றாக ஆறவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். ஆக்சிலுக்குள் இருக்கும் ஜோடிப் பற்சக்கரமான புது கிரவுன் பினியனின் பற்கள் ஒன்றோடொன்று பழக வேண்டும். 500 மைலில் கியர் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

கே: சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலிருந்து டாஹோ ஏரிக்குப் படகு கொண்டு போகிறோம். டர்போ இல்லாத வி8, 3.42. மலையில் கியர் மேலும் கீழும் மாறிக்கொண்டே இருக்கிறது.

ப: பாரம் இழுக்கும்போது கியர் மாறுவதைக் குறைக்கும் டோ ஹால் (Tow/Haul) பொத்தானை அழுத்துங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் மேல் கியர்களை நீங்களே தடுத்துவிடுங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றில் கத்தினால் பயம் வேண்டாம். கியர் ஓயாமல் மாறினால்தான் டிரான்ஸ்மிஷன் சூடாகும். வழியில் வரும் டானர் கணவாய் 7,200 அடி. ஆயிரம் அடிக்கு 3 சதவீதம் என்று உங்கள் எஞ்சின் அங்கே ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழந்திருக்கும். வருடம் ஒருமுறைதான் போகிறீர்கள் என்றால் ஆக்சிலை மாற்றாதீர்கள், மெதுவாக ஏறுங்கள்.

கே: பின் ஆக்சில் ஆயிலை வடித்தால் பால் விட்ட காபி மாதிரி வருகிறது. (டொராண்டோ)

ப: தண்ணீர் போயிருக்கிறது. படகை இறக்கும்போது சூடான ஆக்சில் கூடு (ஹவுசிங்) சட்டென்று குளிர்ந்த நீரில் மூழ்கினால் உள்ளே காற்று சுருங்கி, காற்றுப் போக்கியான பிரீதர் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிவிடும். ஆயிலை முழுவதும் வடித்துப் புதிது ஊற்றுங்கள். காந்தம் பதித்த வடிகால் மூடி இருந்தால் விரலால் தடவிப் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு என்றால் பரவாயில்லை. துணுக்கு தட்டுப்பட்டால் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பிரீதர் குழாயை மேலே தூக்கிக் கட்டுங்கள். இனி ஏரிக்குப் போனதும் உடனே இறக்காமல், கயிறு கட்டும் வேலையை முதலில் முடியுங்கள். ட்ரெய்லர் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைக் கையால் தொட்டுப் பார்த்து, சூடு அடங்கிய பிறகு நீரில் விடுங்கள்.