ரசீது இருந்தால் போதுமா? நன்கொடை மோசடி பற்றிக் கேள்வி பதில்

முப்பது வருடம் மாட்டுங்காவில் உட்கார்ந்து அறக்கட்டளைக் கணக்குகளைத் தணிக்கை செய்தவன் நான். நன்கொடை கேட்டு வரும் வாட்ஸ்அப், போன், வாசல் ஆட்கள் பற்றி நம் மும்பைத் தமிழர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

செம்பூரிலிருந்து: குழந்தையின் கேன்சர் சிகிச்சைக்குப் பணம் கேட்டு படத்தோடு மெசேஜ் வந்தது. பரேல் ஆஸ்பத்திரி லெட்டர்கூட இருக்கிறது. அனுப்பலாமா சார்?

லெட்டர் தயாரிக்கப் பத்து நிமிடம் போதும். படம் நிஜக் குழந்தையுடையதாகவே இருக்கலாம். வசூலிப்பவர் வேறு யாரோ. அந்தக் குழந்தை குணமாகி வருடங்கள் ஆகியும் மெசேஜ் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆஸ்பத்திரியின் நம்பரை நீங்களே தேடி எடுங்கள், மெசேஜில் உள்ளது வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரிகளில் மருத்துவ சமூகப் பணிப் பிரிவு என்று ஒன்று உண்டு. நோயாளியின் கேஸ் நம்பரைச் சொல்லி, பணத்தை ஆஸ்பத்திரிக் கணக்கிலேயே கட்ட முடியுமா என்று கேளுங்கள். நிஜ அப்பா அம்மா இதற்குச் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். "அதெல்லாம் லேட்டாகும், இந்த நம்பருக்கே ஜீபே பண்ணுங்க" என்று அவசரப்படுத்தினால் போனை வைத்துவிடுங்கள்.

டோம்பிவிலியிலிருந்து: நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் 80ஜி சான்றிதழ் நகல் காட்டுகிறார்கள். அது போதாதா?

போதாது. காலாவதியானதாக இருக்கலாம், வேறு அறக்கட்டளையுடையதாகவும் இருக்கலாம். வருமான வரித் துறை இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அப்புறம் அவர்களுடைய பான் நம்பரில் நாலாவது எழுத்தைப் பாருங்கள். டிரஸ்ட் என்றால் 'டி' (T), கம்பெனியாகப் பதிந்திருந்தால் 'சி' (C). 'பி' (P) என்றால் அது தனிமனிதர் பான். ஒரு "அறக்கட்டளை" ரசீதில் நான் 'பி' பார்த்திருக்கிறேன்!

ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிச்சலுகையே கிடையாது. அதனால் "கேஷாகக் கொடுங்க, 10,000-க்கு 80ஜி ரசீது தர்றோம்" என்பவருக்குச் சட்டம் தெரியவில்லை, அல்லது நன்றாகத் தெரிந்திருக்கிறது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை எப்படியும் இல்லை.

அந்தேரியிலிருந்து: ஆபீஸில் ஒருவர், ஒரு லட்சம் நன்கொடை கொடுத்தால் கமிஷன் போக மீதியைக் கேஷாகத் திருப்பித் தருவார்கள் என்கிறார்.

தம்பி, இதில் ஏமாற்றுவதே நீங்கள்தான். பிடிபட்டால் வரி, வட்டி, அபராதம் எல்லாம் உங்கள் தலையில்.

தாராவியிலிருந்து: கணபதி வர்கணி, அதாவது விழா வசூல், கேட்டு வரும் பையன்கள்?

பதிவில்லாத மண்டல் (விழாக் குழு) வசூல் செய்ய அறநிலைய ஆணையரிடம் 41சி பிரிவில் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி நம்பர் ரசீதில் இருக்கிறதா என்று பாருங்கள். தெருப் பையன்கள் என்றால் 101 ரூபாயைக் கொடுத்துவிட்டுப் பிரசாதம் வாங்கிக்கொள்ளுங்கள். நானும் அதைத்தான் செய்கிறேன்.

கொலாபாவில் வேலை பார்ப்பவர்: கைக்குழந்தையோடு ஒரு அம்மா, பணம் வேண்டாம், பால்பவுடர் வாங்கிக் கொடுங்கள் என்றார். அது நிஜம்தானே?

பழைய வித்தை. நீங்கள் போனதும் டப்பா அதே கடைக்குத் திரும்பும், காசைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். பசி என்றால் சாப்பிடக்கூடியதைப் பிரித்தே கொடுங்கள்.

முலுண்டிலிருந்து: பணம் போய்விட்டது, என்ன செய்ய?

உடனே 1930, சைபர் மோசடிப் புகார் எண். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க முடிந்தால்தான் உண்டு. அப்புறம் உங்கள் வங்கி.

சயானிலிருந்து: நீங்கள் ஏமாந்ததே இல்லையா மாமா?

2015 டிசம்பர், சென்னை வெள்ளம். தாம்பரத்தில் என் அக்கா வீட்டில் முழங்கால் வரை தண்ணீர், போன் கிடைக்கவில்லை. அந்தப் பதற்றத்தில், மெசேஜில் வந்த ஒரு கணக்குக்கு 5000 ரூபாய் அனுப்பினேன். "நிவாரண நிதி" என்று நான் டைப் செய்த பெயரை வங்கி பார்க்கவே இல்லை, கணக்கு எண்ணை மட்டும்தான் பார்த்தது. பெயரைச் சரிபார்க்கும் வசதி நெஃப்ட் (வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் முறை) வழியில் 2025-இல்தான் வந்தது. யுபிஐயில் பெயர் தெரிகிறது, ஆனால் கண் வேண்டும்: 2020-இல் பிரதமரின் கொரோனா கால நிதியான பிஎம் கேர்ஸின் யுபிஐ முகவரியில் கடைசி 'எஸ்' எழுத்தை மட்டும் விட்டு ஒரு போலி முளைத்தது.

அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. விஷயத்தைச் சொன்னபோது, "ஊர் கணக்கெல்லாம் பார்க்கிறவன்டா நீ" என்று மட்டும் சொன்னாள்.