ஆண்டுக் கணக்கின் தொடக்கம் சமயத்தில் அமைந்தது ஏன்?

கேள்வி: ஆண்டுகளை எங்கிருந்தாவது எண்ணத் தொடங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தத் தொடக்கம் இயேசுவின் பிறப்பு, நபிகள் நாயகத்தின் ஹிஜ்ரத் (மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பெயர்ந்த பயணம்) என்று சமயம் சார்ந்ததாக அமைந்தது ஏன்? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: சமயம் சாராத கணக்குகள் முன்பே பலவாக இருந்தன. சோழர் கல்வெட்டுகளில் காண்பது போல, அரசன் பட்டமேறியதிலிருந்து யாண்டு எண்ணுவது உலகில் பரவலாக இருந்த வழக்கம். அரசன் மாறினால் கணக்கும் முதலிலிருந்து தொடங்கும். ரோமிலோ ஆண்டுதோறும் பதவியேற்ற கான்சல் எனும் இரு தலைமை ஆட்சியாளர்களின் பெயராலேயே ஆண்டைக் குறித்தார்கள். பழைய ஆவணம் ஒன்றின் காலத்தை அறிய, அந்தப் பெயர்களின் நீண்ட பட்டியல் கையில் இருக்க வேண்டும்.

இந்த முறைகள் கிறிஸ்தவத் திருச்சபைக்குப் போதவில்லை. ஈஸ்டர் திருநாள் வசந்தகாலச் சமஇரவு நாளையும் அதையடுத்த முழுநிலவையும் ஒட்டி ஆண்டுதோறும் இடம் மாறுவதால், பல நாடுகளில் பரவியிருந்த சபைகளுக்குப் பல பத்தாண்டுகளுக்கான நாட்களை முன்கூட்டியே கணித்துத் தரும் அட்டவணை தேவைப்பட்டது. அலெக்சாந்திரியாவில் அத்தகைய அட்டவணைகளை, கி.பி. 284இல் பட்டமேறிய டயோக்ளீஷியனின் ஆண்டுகளால் எண்ணினார்கள். கிறிஸ்தவர்களை 303 முதல் கடுமையாகத் துன்புறுத்திய பேரரசர் அவர்தான். 525ஆம் ஆண்டில், ரோமில் வாழ்ந்த டயோனிசியஸ் எக்சிகுவஸ் என்ற துறவி அந்த அட்டவணையை நீட்டிக்க முற்பட்டபோது, கொடுங்கோலன் ஒருவனின் நினைவைத் தம் கணக்கோடு பிணைக்க விரும்பவில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார். பழைய அட்டவணை டயோக்ளீஷியன் 247ஆம் ஆண்டோடு முடிய, அவருடைய அட்டவணை ஆண்டவர் மனிதராகப் பிறந்த 532ஆம் ஆண்டிலிருந்து தொடங்கியது. அந்த எண்ணை எப்படிக் கண்டார் என்பதை அவர் விளக்கவில்லை. இயேசு பிறந்தபோது ஆண்டதாக நற்செய்தி கூறும் ஏரோது மன்னன் கி.மு. 4இல் இறந்ததாகக் கொள்ளும் பெரும்பாலான ஆய்வாளர்கள், இயேசுவின் பிறப்பு அதற்கும் முந்தையது என்றே கருதுகின்றனர். எகிப்தின் காப்டிக் சபையினர் 284ஐ இன்றும் விடவில்லை. அதை ‘மறைசாட்சிகளின் ஆண்டு’ (சமயத்துக்காக உயிர்நீத்தவர்களின் ஆண்டு) என்று தமதாக்கிக்கொண்டார்கள்.

டயோனிசியஸ் வகுத்தது திருநாள் கணக்கு மட்டுமே. அதை வரலாற்றுக்குரிய அளவுகோலாக்கியவர், 731இல் ஆங்கிலேயத் திருச்சபையின் வரலாற்றை எழுதி முடித்த பீட் என்ற துறவி. அதன் பின்னும் ஐரோப்பா முழுவதும் அதை ஏற்கப் பல நூற்றாண்டுகள் ஆயின. போர்ச்சுகல் 1422இல்தான் ஏற்றது.

ஹிஜ்ரி ஆண்டும் நிர்வாகத் தேவையில் பிறந்ததே. ஷஃபான் மாதம் என்று மட்டும் குறித்த ஓர் ஆவணம் கலீஃபா உமரிடம் வந்தபோது, சென்ற ஷஃபானா, இந்த ஷஃபானா, வரும் ஷஃபானா என்று அவர் கேட்டதாக இஸ்லாமிய மரபு கூறுகிறது. ஆலோசனைக்குப் பின், நபிகளின் பிறப்பைத் தேர்ந்தெடுக்காமல், மதீனாவில் அவர்களுடைய சமூகம் உருவாக வழிவகுத்த 622ஆம் ஆண்டின் பயணத்தையே தொடக்கமாகக் கொண்டார்கள்.

அரச வம்சங்கள் அழிந்தாலும் சமயச் சமூகங்கள் எல்லை கடந்து நிலைத்து நின்றதே இதற்கெல்லாம் முதன்மைக் காரணம் என்பது என் கருத்து. நிலைத்துவிட்ட கணக்கை மாற்றுவதும் எளிதன்று. பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் 1793இல் கொண்டுவந்த குடியரசு நாட்காட்டியை நெப்போலியன் 1806 ஜனவரி 1 முதல் கைவிட்டார். இந்தியாவும் சமயத் தொடக்கமில்லாத சக ஆண்டை 1957 மார்ச் 22 முதல் தேசிய நாட்காட்டிக்கு ஏற்றது. ஆயினும் மத்திய அரசிதழ் சக ஆண்டுத் தேதியோடு கிறிஸ்தவ ஆண்டுத் தேதியையும் சேர்த்தே அச்சிடுகிறது.