ஓ.ஆர்.எஸ். கொடுத்தும் பேதி நிற்கவில்லையே, ஏன்?

கேள்வி: என் மகனுக்கு 3 வயது, எடை 13 கிலோ. நேற்றிலிருந்து ஏழெட்டு முறை தண்ணீராகப் போகிறது. இரண்டு முறை வாந்தியும் எடுத்தான். கடையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கி, ஒவ்வொரு முறையும் ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கிக் கொடுக்கிறேன். பேதி குறையவே இல்லை. "தண்ணி குடுக்கக் குடுக்க இன்னும்தான் போகும், நிறுத்து" என்கிறார் மாமியார். உப்பும் சர்க்கரையும்தானே, வீட்டிலேயே கலந்துகொள்ளலாமா? குளுக்கோஸ் தண்ணீர் போதாதா?

பதில்: முதலில் அந்த டம்ளர் கணக்கை இன்றே நிறுத்துங்கள். பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். '1 லிட்டர் தண்ணீரில் முழுவதையும் கரைக்கவும்' என்றோ, சிறிய பாக்கெட்டானால் '200 மி.லி.' என்றோ இருக்கும். ஒரு லிட்டர் பாக்கெட்டில் சுமார் 20.5 கிராம் தூள் இருக்கிறது. அப்படியானால் 200 மி.லி. டம்ளருக்கு 4 கிராமுக்குச் சற்று மேல்தான் வேண்டும். நீங்கள் போடும் இரண்டு டீஸ்பூன் ஏறக்குறைய அதைப்போல் இரு மடங்கு. போதாததற்கு, பிரித்த பாக்கெட்டில் உப்பும் குளுக்கோஸும் சீராகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு ஸ்பூனில் உப்பு கூடுதலாகவும் அடுத்ததில் குறைவாகவும் வரலாம்.

இதில் அளவுதான் மருந்து. உலக சுகாதார நிறுவனம் 2002-இல் திருத்திய கலவையில் ஒரு லிட்டருக்குச் சாதாரண உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். சிறுகுடலின் உட்சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் ஒரு புரதம் இருக்கிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுடன் இரண்டு சோடியம் அயனிகள் போகும், அவற்றின் பின்னால் தண்ணீர் போகும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் இந்த வாசல் வேலை செய்யாது. வெறும் குளுக்கோஸ் தண்ணீர் போதாது என்பது இதனால்தான். பேதியில் போன சோடியத்தையும் பொட்டாசியத்தையும் அது திருப்பித் தருவதுமில்லை.

காலரா போன்ற கடும் பேதியில்கூட இந்த வாசல் பழுதாவதில்லை. 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்த தண்ணீரை டிரம்களில் வைத்துக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

கரைசல் கெட்டியாகிவிட்டால் எல்லாம் தலைகீழாகும். குடலுக்குள் இருக்கும் நீர் ரத்தத்தைவிடச் செறிவாகிவிடும். அப்போது தண்ணீர் உடம்பிலிருந்து குடலுக்கு வரும், பேதி கூடும். உங்கள் பையனுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ரத்தத்தில் சோடியம் அளவுக்கு மீறி ஏறினால் வலிப்புவரை போகும். பாட்டில் குளிர்பானத்தில் லிட்டருக்கு 100 கிராம் அளவில் சர்க்கரை, உப்போ பேருக்குத்தான். பேதிக்கு அதைக் கொடுக்கவே கூடாது. ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பேரில் சேர்த்து டெட்ரா பேக்கில் விற்ற இனிப்பு பானங்களும் இப்படித்தான். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் அந்தப் பெயர்களுக்குத் தடை போட்டது நல்ல காரியம்.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை உண்டு. ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்தாது. பேதியை நிறுத்துவது அதன் வேலையே அல்ல. போன நீரையும் உப்பையும் ஈடுகட்டுவதுதான் வேலை. குழந்தைகளுக்கு வரும் பேதியில் பெரும்பகுதி வைரஸால் வருவது. சில நாளில் தானாக அடங்கும். அதுவரை உடம்பு வற்றாமல் காப்பதுதான் சிகிச்சை. தண்ணீரை நிறுத்தினாலும் பேதி போய்க்கொண்டேதான் இருக்கும், வற்றுவது குழந்தை. ஆகவே எத்தனை முறை போனான் என்பதைவிட, சிறுநீர் போகிறானா, அழுதால் கண்ணீர் வருகிறதா, நாக்கு ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுக்கு (1 லிட்டரோ 200 மி.லி.யோ) அளந்து, முழு பாக்கெட்டையும் கொட்டிக் கரையுங்கள். கலந்தபின் சூடாக்க வேண்டாம். பால், ஜூஸ், கூடுதல் சர்க்கரை எதுவும் வேண்டாம். 24 மணி நேரம் தாண்டியதைக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 100 முதல் 200 மி.லி. வரை கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாகப் புகட்டுங்கள். தாகம் என்று டம்ளரோடு நீட்டினால் மடமடவென்று குடித்துவிட்டு அப்படியே கக்கிவிடுவான்.

பாக்கெட் கிடைக்காத இரவில் வீட்டிலும் கலக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஸ்பூன் 5 மி.லி. அளவுடையதாக இருக்கட்டும், குவிக்காமல் கத்தியால் வழித்துத் தட்டையாக அளக்கவும். கல் உப்பு வேண்டாம்; பரல்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் ஸ்பூன் அளவு தவறும், தூள் உப்புதான் சரி. வாயில் விட்டுப் பாருங்கள், கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டு வேறு கலக்குங்கள். இதில் பொட்டாசியம் இல்லை, ஆகவே பாக்கெட் வரும்வரைதான் இது. உப்பிட்ட கஞ்சி, மோர் தாராளமாகக் கொடுக்கலாம். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. கூடவே கொடுங்கள், பதிலாக வேண்டாம். சோறு, இட்லி எதையும் நிறுத்தாதீர்கள்.

துத்தநாக (ஜிங்க்) மாத்திரை 20 மி.கி., தினம் ஒன்று, ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைத்து 14 நாள். பேதி நின்றாலும் முடிக்க வேண்டும். குடல் சுவர் ஆறுவதற்கு இது உதவும். பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை குழந்தைகளுக்கு ஆகாது. ஆன்டிபயாடிக்கை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். வைரஸுக்கு அது பயன்படாது.

கண் குழிந்து, எரிச்சலோடு ஆவலாகத் தண்ணீர் கேட்டால் வறட்சி தொடங்கிவிட்டது. உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அந்த நிலையில் கிலோவுக்கு 75 மி.லி. கணக்கில், உங்கள் பையனுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர், 4 மணி நேரத்தில் உள்ளே போக வேண்டும். போகிற வழியிலும் ஸ்பூனில் கொடுத்துக்கொண்டே போங்கள். சோர்ந்து தூங்கியபடி குடிக்க மறுத்தாலும், 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலும், மலத்தில் ரத்தம் வந்தாலும், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு மெதுவாக அமர்ந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம், இரவானாலும் அழைத்துப் போங்கள்.