கடைவீதியை வளர்க்கத் தள்ளுவண்டிகளை அகற்ற வேண்டுமா?

வணக்கம். தங்கள் வார்டுக் கடைவீதியில் வியாபாரம் படுத்துவிட்டதென்றும், தள்ளுவண்டிகளை அகற்றினால் கடைகள் பிழைக்கும் எனச் சங்கத்தினர் வற்புறுத்துவதாகவும், கவுன்சிலர் என்ற முறையில் என்ன செய்யலாம் என்றும் கேட்டிருந்தீர்கள்.

முதலில் சட்டத்தைப் பாருங்கள். 2014ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டத்தின்படி, வியாபாரிகளின் கணக்கெடுப்பை முடித்து, அவர்கள் வியாபாரம் செய்ய அனுமதிக்கும் விற்பனைச் சான்று வழங்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அதன் பிறகும் 30 நாள் முன்னறிவிப்புத் தேவை. சாலையோர வியாபாரத்தைக் கவனிக்க இச்சட்டப்படி அமைக்கப்படும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும். தங்கள் நகராட்சியில் அக்குழு உண்மையில் கூடுகிறதா என்று மன்றக் கூட்டத்திலேயே கேளுங்கள்.

சென்னைப் பாண்டி பஜாரில் 2013இல் நடைபாதை வியாபாரிகளை மாநகராட்சி கட்டிய அடுக்குமாடி வளாகத்துக்கு மாற்றியபோது, வாங்குவோர் மாடியேறி வரவில்லை என்று அவர்கள் முறையிட்டதை நினைவில் கொள்ளுங்கள். பூவும் காய்கறியும் வாங்க வருபவர்தாம் பக்கத்துப் பாத்திரக் கடைக்குள்ளும் நுழைகிறார். வண்டிகள் போய்விட்டால் அந்த நடமாட்டமும் குறையும் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே, கடை வாசல்களை மறிக்காமல் வண்டிகளுக்குக் கோடு போட்டு இடம் ஒதுக்குவது, சரக்கு லாரிகள் காலை எட்டு மணிக்குள் இறக்கிவிட்டுப் போக விதி செய்வது, தெருவிளக்கு, பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை, இருசக்கர வாகன நிறுத்தம் ஆகியவற்றுக்கு நிதி கேட்பது எனத் தீர்மானம் கொண்டு வாருங்கள். கழிப்பறையை மட்டும் தள்ளிப்போட விடாதீர்கள். அது இல்லாத கடைவீதியில் குடும்பத்துடன் வருபவர்கள் அரைமணி நேரத்துக்கு மேல் நிற்க மாட்டார்கள்.