விடுபட்டது எவ்வளவு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் திருநெல்வேலியில் வழக்கறிஞராக இருக்கிறேன். பெரும்பாலும் சிவில் வழக்குகள். என் ஜூனியர் இப்போதெல்லாம் தீர்ப்புத் தொகுதிகளைத் தொடுவதே இல்லை. வழக்கின் சுருக்கத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் கொடுக்கிறார், ஐந்து நிமிடத்தில் பத்து சைட்டேஷன்களுடன், அதாவது மேற்கோள் காட்டத்தக்க பழைய தீர்ப்புகளுடன், வந்து நிற்கிறார். சரிபார்த்தால் பெரும்பாலும் பொருத்தமாகத்தான் இருக்கின்றன. என் மகன் திருச்சியில் கொதிகலன் குழாய்களின் வெல்டிங்கைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறான். விரிசலைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் மென்பொருள் அங்கேயும் வரப்போகிறதாம். மருமகள் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயறியும் கதிரியல் மருத்துவம் படிக்கிறாள், அவளுடைய துறையிலும் இதே பேச்சுதான். மருத்துவரை மிஞ்சியது, வழக்கறிஞரை வென்றது என்று வாரம் ஒரு செய்தி வருகிறது. கூடவே தொண்ணூறுக்கு மேல் ஏதோ ஒரு சதவீதம். இந்த ஆராய்ச்சி முன்னேற்றங்களில் எதை நம்புவது, எதை விளம்பரம் என்று தள்ளுவது? அறிவியல் படிக்காத என்னைப் போன்றவர்கள் பிடித்துக்கொள்ள ஓர் அளவுகோல் உண்டா?

ஒரு வாசகர்,
திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

உண்டு என்றே நினைக்கிறேன். உங்கள் வீட்டிலுள்ள மூன்று தொழில்களுக்கும் ஒரே கேள்விதான்: இந்த முறை எவ்வளவைத் தவறவிட்டது, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இதற்குப் பதில் சொல்லாத அறிக்கை எத்தனை சதவீதத்தைக் காட்டினாலும் நான் பொருட்படுத்துவதில்லை. அந்தக் கேள்வியின் வலிமையை எனக்குப் புரியவைத்தது ஒரு வழக்கு. ஆகவே உங்கள் தொழிலிலிருந்தே தொடங்குகிறேன்.

1972 அக்டோபர் 2 அன்று, கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நிலையத்தில், கணினிக் கட்டுப்பாட்டில் ஓடிய ஒரு ரயில் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் தண்டவாளத்தின் முடிவைத் தாண்டிப் போய்விட்டது. சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் ‘பார்ட்’ ரயில் சேவை தொடங்கி அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்த ஒரு படிகம் பழுதானதால், வேகத்தைக் குறைக்கச் சொன்ன கட்டளை வேகத்தைக் கூட்டும் கட்டளையாக மாறிவிட்டது. இந்தத் தானியங்கி அமைப்பு சரிவரச் சோதிக்கப்படவில்லை என்று எச்சரித்த மூன்று பொறியாளர்களை அதே ஆண்டு மார்ச்சில்தான் வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள்.

அந்த விபத்தை ஒட்டிய வழக்கில் ஏறத்தாழ 40,000 ஆவணங்கள், 3,50,000 பக்கங்கள். அத்தனையையும் கணினியில் ஏற்றி, ஐபிஎம் நிறுவனத்தின் ‘ஸ்டேர்ஸ்’ என்ற தேடல் நிரலால் பிரதிவாதித் தரப்பு வழக்கறிஞர்கள் தேடினார்கள். பொருத்தமான ஆவணங்களில் 75 சதவீதமாவது கிடைத்தாக வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. திருப்தி வரும்வரை திரும்பத் திரும்பத் தேடி, நிபந்தனை நிறைவேறிவிட்டது என்று நம்பி நிறுத்தினார்கள். டேவிட் பிளேர், எம்.ஈ. மாரன் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்து, 1985-இல் முடிவை வெளியிட்டார்கள். கிடைத்திருந்தது சராசரியாக 20 சதவீதம்.

அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. தேடி எடுத்தவற்றில் 79 சதவீதம் பொருத்தமானவை. உங்கள் கடிதத்தில் ‘பெரும்பாலும் பொருத்தமாகத்தான் இருக்கின்றன’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வழக்கறிஞர்களின் கண்ணில் பட்டதும் அதுதான். கையில் வந்த தாள்கள் நன்றாக இருந்தன. வராத தாள்கள் எத்தனை என்று யோசிக்க எந்தத் தூண்டுதலும் இல்லை.

ஏன் வரவில்லை? ‘விபத்து’ என்று தேடினால், குற்றம்சாட்டும் தொனியில் எழுதியவை கிடைத்தன. அதில் நேரடியாகத் தொடர்புடையவர்கள் அந்தச் சொல்லைத் தவிர்க்கவே பார்த்தார்கள். அவர்களுடைய கடிதங்களில் அது ‘சம்பவம்’, ‘நிலைமை’, ‘சிக்கல்’, ‘சிரமம்’ என்றெல்லாம் இருந்தது. ஒரு தொழில்நுட்ப உறுப்பின் பெயரைத் தேடப்போனால் அதற்கு வேறொரு பெயரும் இருந்தது, அதைப் பிடித்துப் போனால் மூன்றாவது பெயர். அந்த ஒரு தேடலை மட்டும் ஆய்வாளர்கள் 40 மணி நேரம் தொடர்ந்துவிட்டு, நேரமில்லாமல் கைவிட்டார்கள். பெயர்கள் அதற்குப் பிறகும் மீதமிருந்தன.

இந்த ஓட்டையை அடைப்பதுதான் கணினித் தேடல் துறையின் பிற்கால ஆராய்ச்சியில் பெரும்பகுதி. இன்றைய தேடல் முறைகள் சொல்லை அப்படியே ஒப்பிடுவதோடு நிற்பதில்லை. ஒவ்வொரு பத்தியையும் நூற்றுக்கணக்கான எண்கள் கொண்ட வரிசையாக மாற்றி, பொருளில் நெருங்கியவை எண்களிலும் நெருங்கி அமையும்படி பயிற்றுவிக்கிறார்கள். ‘விபத்து’ என்று கேட்டால் ‘துரதிர்ஷ்டவசமான நிகழ்வு’ என்று எழுதிய கடிதமும் மேலே வரும். உங்கள் ஜூனியரின் செயலிக்கு அடியிலும் அநேகமாக இதுதான் ஓடுகிறது. உண்மையான முன்னேற்றம், சந்தேகமே இல்லை.

ஆனால் நான் அதைவிட மதிக்கும் முன்னேற்றம் ஒன்று உண்டு, அது செய்தித்தாளில் வராது. அமெரிக்க நீதிமன்றங்களில் எதிர்த்தரப்புக்கு ஆவணங்களை ஒப்படைக்கும் கட்டத்தில், வழக்கறிஞர்கள் ஒரு பகுதியைப் படித்து ‘பொருந்தும், பொருந்தாது’ என்று குறிக்கிறார்கள். நிரல் அதைக் கற்றுக்கொண்டு மீதியைப் பிரிக்கிறது. 2011-இல் மாரா கிராஸ்மேன், கோர்டன் கார்மாக் இருவரும், இந்த முறை மனிதர்கள் எல்லாத் தாள்களையும் படிப்பதைவிடக் குறைந்த உழைப்பில் நல்ல பலன் தரக்கூடும் என்று காட்டினார்கள். 2012-இல் நியூயார்க்கில் நீதிபதி ஆண்ட்ரூ பெக் இதை ஏற்றார். பிரித்து முடித்ததும், ‘பொருந்தாது’ என்று ஒதுக்கிய குவியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு கட்டுத் தாளை உருவி, அதை மனிதர்கள் படித்துப் பார்க்கும் வழக்கம் இதனுடன் வளர்ந்தது. அந்தக் கட்டில் எத்தனை பொருத்தமான தாள்கள் அகப்படுகின்றன என்பதை வைத்து, முழுக் குவியலில் எவ்வளவு நழுவியிருக்கும் என்று கணக்கிடலாம். பிளேரும் மாரனும் செய்தது இதைத்தான். அன்று ஆராய்ச்சியாக இருந்தது இன்று தொழில் நடைமுறை.

இப்போதைய உரையாடல் செயலிகளில் இந்த ஒழுங்கு இன்னும் வரவில்லை. 2023-இல் ஏவியன்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய ஆறு தீர்ப்புகளை நியூயார்க் வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டினார்கள். இவை உண்மையான தீர்ப்புகள்தானா என்று அதனிடமே கேட்டார்கள், அதுவும் ஆமாம் என்றது. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. பிறகு சட்டத்துக்கென்றே, உண்மையான தீர்ப்புத் தொகுப்போடு இணைத்த செயலிகள் வந்தன. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2024-இல் லெக்சிஸ், வெஸ்ட்லா போன்ற சட்டத் தேடல் சேவைகளின் செயலிகளைச் சோதித்தபோது, அவையும் 17 முதல் 33 சதவீதம் வரை தவறாகவோ, காட்டிய தீர்ப்பு சொல்லாததைச் சொல்வதாகவோ பதில் தந்தன. அதன்பின் அவை மேம்பட்டிருக்கலாம்.

எல்லோரும் அந்தப் பொய்த் தீர்ப்புகளைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அவை இரண்டாவது கவலைதான். இல்லாத தீர்ப்பை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தேடிப் பார்த்தால் அன்றே அகப்படும். இருந்தும் உங்கள் கைக்கு வராத தீர்ப்பு அப்படி அகப்படாது. அது உங்களுக்குப் பாதகமானதாக இருந்து, வாதத்தின் நடுவில் எதிர்த்தரப்பு எழுந்து அதை நீட்டும்போதுதான் தெரியும். சாதகமானதாக இருந்தால் கடைசிவரை தெரியாது, கட்சிக்காரர் தோற்றுப் போயிருப்பார்.

நம் நாட்டுத் தீர்ப்புகளில் இது எவ்வளவு கடினம் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2019-இல் இந்திய ஆய்வாளர்கள் ஒரு போட்டி நடத்தினார்கள். வழக்கின் நிகழ்வுகளை மட்டும் கொடுத்து, ஏறத்தாழ 2,900 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளிலிருந்து பொருத்தமான முன்தீர்ப்புகளை எடுக்கச் சொன்னார்கள். முதலிடம் பெற்ற முறைகளின் மதிப்பெண்களே தாழ்ந்துதான் இருந்தன. நிரல்கள் அதற்குப் பின் வெகுதூரம் வந்துவிட்டன, ஆனால் ஒரு தீர்ப்பு பின்னாளில் வேறொரு அமர்வால் மாற்றப்பட்டதா என்பது போன்றவற்றில் நான் இன்னும் மனிதக் கண்ணையே நம்புவேன். கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதித்துறைக்கு வகுத்த கொள்கை, தீர்ப்பை எட்டுவதற்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லியது சரியான முடிவு.

உங்கள் மகனின் துறை இந்த விஷயத்தில் மற்ற இரண்டையும்விட முதிர்ந்தது. உயிர்களைக் கொடுத்துக் கற்ற துறை. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவில் சியூ சிட்டியில் விழுந்த விமானத்தில் 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். எஞ்சினின் டைட்டானியத் தட்டில் வளர்ந்துகொண்டிருந்த விரிசலை, ஒளிரும் சாயம் பூசிச் செய்த பராமரிப்புச் சோதனை காணாமல் விட்டிருந்தது. அங்கே பொறியாளர் கேட்கும் கேள்வியைக் கவனியுங்கள். நீ காணக்கூடிய மிகச் சிறிய விரிசல் எது என்று அவர் கேட்பதில்லை. நீ தவறவிடக்கூடிய மிகப் பெரிய விரிசல் எது என்றுதான் கேட்கிறார். எந்த அளவு விரிசல் 90 சதவீதம் அகப்படும் என்பதை 95 சதவீத உறுதியுடன் சொல்லவேண்டும், அதைவிடச் சிறியது உள்ளே இருக்கிறது என்று வைத்துக்கொண்டே அடுத்த சோதனைக்கான தேதியைக் குறிக்கவேண்டும். பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தினர் வெல்டிங்குக்கான அல்ட்ராசானிக் சோதனையில் கற்கும் நிரலை இறக்கியபோது, அதையும் மனிதச் சோதகர்களையும் இதே அளவுகோலில் வைத்துத்தான் ஒப்பிட்டார்கள். மகனிடம் சொல்லுங்கள்: மென்பொருள் விற்க வருபவரிடம், நம்முடைய குழாயின் தடிமனில், நம்முடைய வெல்டிங் முறையில், எந்த அளவு விரிசல் எத்தனை சதவீதம் அகப்படும் என்று காட்டும் வரைபடத்தைக் கேட்கவேண்டும். இல்லையென்றால் அனுப்பிவிடலாம்.

மருத்துவத்தில் நல்லதும் கெட்டதும் அருகருகே கிடைக்கின்றன. தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை காட்டி உயிரைப் பறிக்கும் செப்சிஸை முன்கூட்டிச் சொல்லும் ஒரு நிரல் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளை வைத்துச் சோதித்து 2021-இல் வெளியிட்டபோது, செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரை அது கவனிக்கவே இல்லை என்று தெரிந்தது. பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்த பிறகு, வெளியார் ஒருவர் எண்ணிப் பார்த்ததால்தான் அது தெரிந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

மருமகளுக்குக் காட்டவேண்டியது ஸ்வீடனில் நடந்த ‘மசாய்’ ஆய்வு. மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வந்த 80,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். மார்பக எக்ஸ்ரே படங்களை வழக்கம்போல் இரு மருத்துவர்கள் படித்த பிரிவில் 203 புற்றுநோய்கள் தெரிந்தன, செயற்கை நுண்ணறிவின் துணையோடு படித்த பிரிவில் 244. படிக்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. 2023-இல் இந்த எண்கள் வந்ததும் உலகமே கொண்டாடியது. ஆய்வாளர்கள் தாங்களாக வைத்திருந்த முதன்மைக் கேள்வி வேறு. ‘ஒன்றுமில்லை’ என்று வீட்டுக்கு அனுப்பிய பெண்களில், அடுத்த பரிசோதனைக்கு முன்பே எத்தனை பேருக்குப் புற்றுநோய் வெளிப்படுகிறது? அதைத் தெரிந்துகொள்ள அவர்களை இரண்டாண்டு பின்தொடர்ந்தாக வேண்டும், தொடர்ந்தார்கள். வழக்கறிஞர்கள் ஒதுக்கிய குவியலில் கைவிட்டுப் பார்த்த அதே செயல்தான் இது, மனிதர்களிடம் செய்வதால் ஆண்டுகள் ஆகின்றன.

உங்கள் அலுவலகத்தில் இதை ஒரு சனிக்கிழமையில் செய்துவிடலாம். முடிந்துபோன பழைய வழக்குக் கட்டுகள் சிலவற்றை எடுங்கள். நீங்கள் காட்டிய சைட்டேஷன்கள், எதிர்த்தரப்பு காட்டியவை, நீதிபதி தாமாக எடுத்தாண்டவை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள். பிறகு நிகழ்வுகளை மட்டும் ஜூனியரிடம் கொடுத்துச் செயலியில் தேடச் சொல்லுங்கள், தாளைக் காட்டாதீர்கள். வந்ததை விட்டுவிட்டு வராததை எண்ணுங்கள், அதிலும் உங்களுக்குப் பாதகமானவற்றைத் தனியாக எண்ணுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புத் தொகுதிகள் 2023 முதல் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. எத்தனை விடுபட்டன என்று எனக்கும் எழுதுங்கள், கட்சிக்காரர்களின் பெயரை நீக்கிவிட்டு இங்கே வெளியிடுகிறேன். மற்ற வழக்கறிஞர்களுக்கும் பயன்படும்.