ஹக்கிள்பெரி ஃபின் சிறுவர் கதைதானே, பெரியவர்கள் படிக்க அதில் என்ன இருக்கிறது?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எட்டாம் வகுப்பில் படித்த சுருக்கப் பதிப்பில் ஒரு தெப்பம், ஒரு தீவு, இரண்டு எத்தர்கள், கடைசியில் சுபம். முப்பதைத் தாண்டி முழு நாவலையும் படித்தபோதுதான், சுருக்கியவர் எதையெல்லாம் வெட்டியிருக்கிறார் என்று தெரிந்தது.

கதை தொடங்குவது அமெரிக்காவின் மிசௌரியில், அடிமை முறை சட்டப்படி நடந்துகொண்டிருந்த காலத்தில். (மார்க் ட்வைன் எழுதி வெளியிட்டது 1884-85இல், அடிமை முறை ஒழிந்து இருபது வருடம் கழித்து.) குடிகார அப்பனிடமிருந்து தப்ப, பன்றி ரத்தத்தைக் கொட்டித் தான் கொலையானதுபோல் ஜோடித்துவிட்டு ஓடுகிறான் ஹக். தன்னை 800 டாலருக்கு விற்கப் பேச்சு நடப்பதைக் காதில் வாங்கிய அடிமை ஜிம்மும் எஜமானி வீட்டிலிருந்து ஓடிவருகிறார். இருவரும் மிசிசிப்பியில் ஒரே தெப்பத்தில் போகிறார்கள்.

15ஆம் அத்தியாயத்தை மட்டுமாவது படியுங்கள். மூடுபனியில் இருவரும் பிரிந்துவிடுகிறார்கள். ஹக் எப்படியோ தெப்பத்துக்குத் திரும்பி வந்து, 'நான் எங்கேயும் போகவில்லையே, நீ கனவு கண்டிருப்பாய்' என்று விளையாடுகிறான். ஜிம் நம்பி, அந்தக் கனவுக்குப் பலன்கூடச் சொல்கிறார். அப்புறம் ஹக், தெப்பமெல்லாம் கிடக்கும் சருகையும் உடைந்த துடுப்பையும் காட்டி, 'சரி, இதற்கெல்லாம் என்ன பலன்?' என்கிறான். ஜிம் குப்பையைப் பார்க்கிறார், அவனைப் பார்க்கிறார். உன்னைத் தொலைத்துவிட்டேன் என்று நெஞ்சு உடைந்து கிடந்தேன், நீயோ என்னை முட்டாளாக்கப் பார்த்தாய். சிநேகிதன் தலையில் அழுக்கைப் போட்டு அவமானப்படுத்துகிறவன்தான் குப்பை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறார். போய் மன்னிப்புக் கேட்க ஹக்குக்குப் பதினைந்து நிமிடம் ஆகிறது. நான் மொழிபெயர்த்தால் ஹக்கின் வாயில் ஜிம் அதுவரை 'அவன்', அதற்குப் பிறகு 'அவர்'.

இன்னொன்று மனசாட்சி. நாம் அதை எப்போதும் நல்லதின் பக்கமே வைத்துப் பேசுவோம். இங்கே ஹக்கின் மனசாட்சி, 'அடுத்தவள் சொத்தைத் திருடுகிறாய், ஜிம்மைக் காட்டிக்கொடு' என்றுதான் நச்சரிக்கிறது. ஊரும் சர்ச்சும் ஊட்டி வளர்த்த மனசாட்சி வேறு எதைச் சொல்லும்? எத்தர்கள் ஜிம்மை 40 டாலருக்கு விற்ற பிறகு, அவர் இருக்கும் இடத்தைச் சொல்லி எஜமானிக்குக் கடிதமும் எழுதிவிடுகிறான். எழுதியதும் பாவமெல்லாம் கழுவிப்போனதுபோல் இருக்கிறது அவனுக்கு. ஆனால் தன்னைத் தூங்கவிட்டுத் தன் காவல் முறையையும் சேர்த்துப் பார்த்த ஜிம் நினைவுக்கு வருகிறார். சரி, நரகத்துக்கே போகிறேன் என்று கடிதத்தைக் கிழிக்கிறான். அடிமை முறை தப்பு என்று அவனுக்கு அப்போதும் தோன்றவில்லை. பாவம் செய்கிறோம் என்று நம்பித்தான் கிழிக்கிறான்.

கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல் இருநூறு தடவைக்கு மேல் வருகிறது. பிள்ளைகளுக்குக் கொடுத்தால் கூட உட்கார்ந்து படியுங்கள்.

கடைசிப் பத்து அத்தியாயங்கள் எனக்கு எரிச்சல்தான். எஜமானியின் உயில்படி ஜிம் ஏற்கெனவே விடுதலையானவர் என்று தெரிந்தும், அடைபட்டுக் கிடக்கும் அவரைத் 'தப்பிக்க' வைக்கும் ஹக்கின் சிநேகிதன் டாம் சாயரின் கூத்து. இரண்டாம் முறை படித்தபோது அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டேன்.